ஓர் இணைப்பும் பல கணினிகளும்: திசைவியைத் தெரிந்தெடுக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. இணையத் தொடர்பைப் பொறுத்தவரை இந்த எல்லைப் பகுதி பின்தங்கியதன்று. மத்திய அரசின் தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதன்முதலாக முழுவதும் இணைக்கப்பட்ட மாவட்டமாக 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது இடுக்கியே. பின்னர் 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் ‘கே-ஃபோன்’ ஒளியிழை வலையமைப்பும் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆயினும், கட்டடத்தின் வாயில் வரை வந்து சேரும் இணைப்பு ஒன்றே. உள்ளே அதனை எதிர்நோக்கும் கணினிகளோ பல. உதவித்தொகை விண்ணப்பங்களுக்குரிய கடைசி நாளில், அலுவலகக் கணினி ஒரு பக்கத்தைத் திறப்பதற்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளுமாயின், அதன் நஷ்டம் மாணவனைச் சேர்கிறது. இந்நிலைக்கு இணைப்பு மட்டுமே காரணம் என்று கருதுவது சரியன்று. அதனைப் பங்கிடும் சாதனமும், அது வைக்கப்பட்டுள்ள இடமும் பல சமயங்களில் காரணமாகின்றன. ‘ரௌட்டர்’ என்று கடைகளில் விற்கப்படும் இச்சாதனத்தைத் தமிழில் திசைவி என்கிறோம்.

திசைவி செய்யும் வேலை

ஒரு பள்ளிக்குத் தபால் முகவரி ஒன்றுதான். ஆசிரியர் பலர் கடிதம் எழுதினாலும், விடைகள் யாவும் அந்த ஒரே முகவரிக்கு வருகின்றன. இன்ன கடிதத்தை எழுதியவர் இன்னார் என்று அனுப்புகைப் பதிவேட்டில் குறித்து வைத்தால்தான் விடையை உரியவரிடம் சேர்க்க இயலும். திசைவி செய்வதும் இதுவே. உள்ளிருக்கும் கணினி ஒவ்வொன்றுக்கும் அது ஓர் உள்முகவரியை வழங்குகிறது. வெளியே செல்லும் வேண்டுகோள்களைத் தன் பொது முகவரியில் அனுப்புகிறது. விடை வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்ப்பிக்கிறது.

இம்முறை ஏன் அவசியமாயிற்று? இணையத்தின் பழைய முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின. வீடுகளிலும் பள்ளிகளிலும் 192.168 என்று தொடங்கக் காணப்படும் எண்கள் உள் உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டவை. ஒரே எண் இலட்சக்கணக்கான கட்டடங்களில் இருப்பினும் குழப்பம் நேராது. இன்று பரவி வரும் புதிய முறையான ஆறாம் பதிப்பில் முகவரிப் பஞ்சம் இல்லை. புதிதாக வாங்கும் திசைவி அதனையும் ஏற்கவல்லதா என்று கேட்டறிவது நலம்.

திசைவி வேகத்தைப் பெருக்காது

சித்தூர்ப் புழையின் நீரை மூலத்தரை மதகணை வாய்க்கால்களில் பங்கிடுகிறது. ஆற்றில் இல்லாத நீரை மதகு உண்டாக்குவதில்லை. திசைவியும் அவ்வாறே. விலை மிகுந்த திசைவியை வாங்கினால் இணைப்பின் வேகம் கூடிவிடும் என்பது தவறான எண்ணம்.

ஆகவே, முதலில் அறிய வேண்டியது இணைப்பின் உண்மையான வேகம். ‘பிராட்பேண்ட்’ என்ற பெயர் மட்டும் போதாது. அப்பெயருக்குரிய குறைந்தபட்ச வேகம் 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்தது. 2023 ஜனவரியில் அது 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. மேலும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உபயோகித்தால் வேகம் குறைக்கப்படும் திட்டங்களும் உண்டு. ஒப்பந்தத்தில் இவ்விரு எண்களையும் பார்த்தல் வேண்டும்.

ஓர் உதாரணம்: இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட், கணினிகள் 15. அனைத்தும் ஒரே சமயத்தில் இயங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் ஆறரை மெகாபிட் கிட்டும். சாதாரணத் தரமுள்ள பாடக் காணொலி ஒன்றுக்கு 2 அல்லது 3 மெகாபிட் போதுமாதலால் குறையொன்றுமில்லை. இணைப்பு 20 மெகாபிட் ஆயின் பங்கு ஒன்றே கால் மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான். அப்போது பதினைந்து காணொலிகள் தடங்கலின்றி ஓட மாட்டா. அங்கே வேண்டுவது புதிய திசைவியன்று. ஒரு கணினியில் காணொலியைத் திறந்து, திரையில் அனைவருக்கும் காட்டும் ஏற்பாடே.

கணினிகள் தாமாகவே மென்பொருள் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்வதும் உண்டு. கணினிக்கு ஒரு கிகாபைட் வீதம் பதினைந்து கணினிகளும் இறக்கினால், 100 மெகாபிட் இணைப்பும் சுமார் இருபது நிமிடங்கள் முழுமையாக அதற்கே செலவாகும். இதனைப் பள்ளி நேரத்திற்குப் பின் ஒழுங்கு செய்துகொள்ளலாம். அலுவலகக் கணினிக்கு முன்னுரிமை அளிக்கும் வசதியுள்ள திசைவியாயின் இன்னும் நன்று.

கம்பியா, கம்பியில்லா முறையா?

கம்பியில்லா முறையாகிய வைஃபையில், ஓர் அலைவரிசையைக் கருவிகள் முறைவைத்தே உபயோகிக்கின்றன. வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது போன்றது இது. தொலைவில், நலிந்த சமிக்ஞையுடன் உள்ள கருவி மெதுவாகப் பேசுகிறது. அது பேசி முடிக்கும் வரை அருகிலுள்ள கருவிகளும் காத்திருக்க நேர்கிறது. 2021-இல் அங்கீகரிக்கப்பட்ட, ஆறாம் தலைமுறை எனப்படும் வைஃபை ஒரே சமயத்தில் பல கருவிகளுடன் பேசவல்லது. ஆயினும், கருவிகளும் அத்தலைமுறையைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் அதன் முழுப்பயன் கிட்டும்.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் இயங்குகிறது. முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவும், வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது. சுவர்களால் எளிதில் தடைப்படும். மூணாறு போன்ற மலைப்பகுதிகளில் காணப்படும் கனத்த கருங்கல் சுவர்கள் இரண்டையுமே நலியச் செய்கின்றன. தகரமோ அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

எனவே, நகராத கணினிகளுக்குக் கம்பியும், நகரும் மடிக்கணினிகளுக்கும் அலைபேசிகளுக்கும் வைஃபையும் என்பதே சிறந்த விதி. கணினி அறையின் பதினைந்து கணினிகளையும் 16 அல்லது 24 துளைகளுள்ள ‘ஸ்விட்ச்’ ஒன்றில் கம்பியால் இணைத்து, அதிலிருந்து ஒரே கம்பியைத் திசைவிக்குக் கொண்டுசெல்லலாம். இக்கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டுவன

முதலாவது, புதிய திசைவி தேவையா என்பது. ஒளியிழை இணைப்புடன் நிறுவனத்தார் பொருத்தும் முனைக்கருவி பலவற்றில் திசைவியும் வைஃபையும் சேர்ந்தே உள்ளன. அவ்வாறாயின் ஒரு ஸ்விட்ச் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதற்கப்பாலும் திசைவி வேண்டுமெனில், புதியதை வெறும் வைஃபை நிலையமாக இயங்கும்படி அமைத்தல் வேண்டும். இரண்டும் திசைவிகளாக இயங்கினால் உள்முகவரிகள் இருமுறை மாற்றப்பட்டு, ஒரு பகுதியிலுள்ள அச்சுப்பொறியை மறுபகுதியிலுள்ள கணினி காண முடியாமற் போகும்.

இரண்டாவது, இணைப்பின் வகை. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பிக்கென அமைந்த திசைவியில் வெளியிணைப்புக்குரிய துளை குறுகியது. ஒளியிழை முனைக்கருவியிலிருந்து வரும் கம்பி அதில் பொருந்தாது.

மூன்றாவது, பெட்டியின் மீதுள்ள எண். ‘ஏசி 1200’ என்று குறித்திருந்தால், அது ஓர் அதிர்வெண்ணில் 300, மற்றொன்றில் 867 மெகாபிட் ஆகிய இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். எந்தக் கணினிக்கும் 1200 கிட்டாது. கம்பித் துளைகள் 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தவையாயின், இணைப்பு எவ்வளவு வேகமுள்ளதாயினும் அதற்கு மேல் செல்லாது. 100-க்கு மேற்பட்ட இணைப்புக்குக் கிகாபிட் துளைகள் வேண்டும். அதற்குக் குறைந்த இணைப்புக்கு அச்செலவு அவசியமன்று.

மின்னலும் மின்தடையும்

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. ஒளியிழை கண்ணாடியாலானது, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதனைத் தாங்கும் எஃகுக் கம்பியும், மின்சாரக் கம்பியும், செம்புத் தொலைபேசிக் கம்பியும் கடத்தவல்லவை. இடியோசை கேட்கத் தொடங்குமுன்னரே திசைவியின் மின்செருகியைக் கழற்றிவிடுதல் சிறந்த பாதுகாப்பு. இரு கட்டடங்களுக்கிடையே வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுத்தலாகாது. அங்கே ஒளியிழையே உகந்தது.

தென்மேற்குப் பருவமழையில் மரங்கள் சாய்ந்து மின்தடை ஏற்படுவது மலைப்பகுதியில் வழக்கம். திசைவிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. திசைவியும் முனைக்கருவியும் சேர்ந்து 20 வாட் செலவழிப்பதாகக் கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் கொள்ளளவு 84 வாட்-மணி. அதில் பாதியை உபயோகித்தாலும் இரண்டு மணி நேரம் இணைப்பு நிலைக்கும். மடிக்கணினியில் விண்ணப்ப வேலையை முடிக்க இது போதும்.

பூட்டும் திறவுகோலும்

திசைவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. வைஃபைக்கு ‘டபிள்யூ.பி.ஏ. 2’ அல்லது ‘3’ என்னும் காப்பு முறையைத் தேர்க. வருவோர் அலைபேசிகளுக்குத் தனி ‘விருந்தினர்’ வலையை அமைத்தால், மாணவர் விவரங்கள் உள்ள அலுவலகக் கணினிகள் அவர்கள் பார்வைக்கு எட்டா. திசைவியின் மென்பொருளுக்கு உற்பத்தியாளர் புதுப்பிப்புகளை வெளியிடுகின்றாரா என்பதையும் வாங்குமுன் விசாரித்தல் நலம்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்க: இணைப்பின் வகையும் வேகமும், கம்பியில் இணையும் கணினிகளின் எண்ணிக்கை, வைஃபை வேண்டும் அறைகளும் அவற்றின் சுவர்களும், முனைக்கருவியில் ஏற்கெனவே உள்ள வசதிகள். இத்தாளைக் கொண்டு தெரிந்தெடுக்கும் சாதனம் பள்ளியின் தேவைக்கு ஏற்றதாக இருக்கும். பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணுக்காக வீண் செலவும் நேராது.