கரைந்தும் திரளும் சங்கிலிகள்

சர்க்கரையை நீரிலிட்டுக் கலக்கினால், அது தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்து நீர் முழுவதும் பரவுகிறது. கரைசல் என்பதற்குப் பள்ளிகளில் தரப்படும் விளக்கம் இதுவே. ஆயின், தெளிவாகத் தோன்றும் கரைசல்கள் யாவும் இவ்விலக்கணத்துள் அடங்கிவிடுமா? அடங்கா என்பதற்கு மின்சாரத்தைக் கடத்தவல்ல பாலிமர்கள் நல்ல சான்றாகும்.

சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாவதே பாலிமர். தோட்டத்து ரப்பரும் அவ்வினத்ததே. ரப்பர்ச் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்புக்கும் அடுத்த இரட்டைப் பிணைப்புக்கும் இடையே மூன்று ஒற்றைப் பிணைப்புகள் குறுக்கிடும். ஆதலின் அங்குள்ள எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்திலேயே அடங்கிக் கிடக்கும். ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும் சங்கிலிகளிலோ, எலெக்ட்ரான்கள் பல அணுக்களின்மீது பரவி நிற்கும். பாலிஅசெட்டிலீன் அத்தகைய பொருள். அதற்கு அயோடின் போன்றவற்றின் ஆவியை ஊட்டினால் மின்கடத்து திறன் பல கோடி மடங்கு உயர்கிறது என்பதை ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகிய அறிஞர்கள் 1977இல் வெளியிட்டனர். இத்துறைப் பணிக்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பெற்றது.

எனினும் பாலிஅசெட்டிலீன் எதிலும் கரையாது. கரையாத பொருளை மையாக்கிப் பூசவோ அச்சிடவோ இயலாது. இவ்விடர் நீங்க, சங்கிலியின் முதுகிலிருந்து பக்கவால்கள் தொங்குமாறு புதிய பாலிமர்களை வேதியியலார் ஆக்கினர். ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வால்களையுடைய பாலிஹெக்சில்தயோபீன் அவற்றுள் புகழ்பெற்றது. வால்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைந்த வகையை 1992இல் அமெரிக்க அறிஞர் மக்கல்லோ குழுவினர் ஆக்கிக் காட்டினர். இதில் வால்கள் கரைப்பானை நாடும். தட்டையான முதுகோ தன்னினச் சங்கிலியை நாடும். இவ்விரு நாட்டங்களின் போட்டியே கரைசலின் நிலையை முடிவுசெய்கிறது.

இப்போட்டியைக் கண்ணாலேயே காணலாம். குளோரோபார்மில் கரைத்த பாலிஹெக்சில்தயோபீன் செம்மஞ்சளாக இருக்கும். அங்கே சங்கிலிகள் முறுக்குண்டு சுருண்டு கிடக்கின்றன. முறுக்கு நேரும் இடந்தோறும் எலெக்ட்ரான்களின் பரவல் தடைப்படுகிறது. பரவும் நீளம் குறையக் குறைய, மிகுந்த ஆற்றலுள்ள ஒளியே உட்கொள்ளப்படும். ஆகவே ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி உட்கொள்ளப்பட்டு, எஞ்சியது செம்மஞ்சளாகத் தோன்றுகிறது.

இக்கரைசலில் மெத்தனாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நிறம் ஊதாவாக மாறும். மெத்தனால் இச்சங்கிலிகளுக்கு ஒவ்வாத கரைப்பான். அதனை ஒதுக்க வேண்டிச் சங்கிலிகள் முறுக்கு நீங்கி நிமிர்ந்து, ஏறத்தாழ 0.38 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இதுவே திரளுதல். எலெக்ட்ரான்கள் நெடுந்தூரம் பரவுவதால், 600 நானோமீட்டர் வரையுள்ள ஒளியும் உட்கொள்ளப்படுகிறது. சூடேற்றினால் அடுக்கு குலைந்து பழைய செம்மஞ்சள் நிறம் மீள்கிறது. சங்கிலி அறுபடவில்லை, புதிய பொருள் உண்டாகவுமில்லை. மாறியது அமைப்பு மட்டுமே.

இத்திரள் நன்மையா, தீமையா? அது பயனைப் பொறுத்தது. சூரிய மின்கலத்திலும் டிரான்சிஸ்டரிலும் மின்னூட்டம் சங்கிலிவிட்டுச் சங்கிலி தாவ வேண்டும். ஒழுங்கான அடுக்கு அதற்குத் துணைசெய்யும். ஒளி உமிழும் விளக்குகளிலோ, முகத்தோடு முகம் பொருந்திய அடுக்கு பெரும்பாலும் ஒளியை மங்கச் செய்யும். கரைப்பான் ஆவியாகும்போது, கரைசலில் தொடங்கிய ஒழுங்கு உலர்ந்த படலத்திலும் தொடர்கிறது. ஆதலின் ஒரே பாலிமரை ஒரே அளவில் கரைத்த இரு மைகள்கூட, கரைப்பானும் வெப்பநிலையும் வேறுபட்டால் தரத்தில் வேறுபட்ட படலங்களைத் தரும். மூலக்கூற்றின் எடையை அளப்போரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். திரளைத் தனிச் சங்கிலி எனக் கொண்டால், எடை உண்மையினும் மிகையாகத் தோன்றும். இதனாலேயே, மிகுதியாகத் திரளும் பாலிமர்களை உயர்ந்த வெப்பநிலையில் அளக்கின்றனர்.

கரைசல் பாடத்தை நடத்தும் ஆசிரியர் இச்செய்தியையும் எடுத்துக்கூறலாம். ஒரு பொருள் கரைந்ததா என்று வினவும் மாணவன், அது எந்நிலையில் கரைந்துள்ளது என்றும் வினவக் கற்பானாயின், அவன் அறிவியலின் வாயிலில் அடியெடுத்து வைத்தவனாவான்.