பாலத்தில் காத்திருப்பதா, படகில் போவதா?

கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலை. பாஸ்டனிலிருந்து தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பாதிப் பேர் போவது ஒரே இடத்துக்கு: கேப் காட். அட்லாண்டிக்குக்குள் முழங்கையை மடக்கி நீட்டியதுபோலக் கிடக்கும் அந்த நிலத்தின் தோள்பட்டையில் 1914இல் ஒரு கால்வாய் திறந்தார்கள். அதனால் காரில் வருகிறவர்கள் சகமோர், போர்ன் என்ற இரண்டு பாலங்களில் ஒன்றைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இரண்டும் 1935இல் வந்தவை. போக இரண்டு தடம், வர இரண்டு தடம். அந்தக் காலத்துக் கார்களுக்கு அது தாராளம்.

அதே மாலை பாஸ்டன் துறைமுகத்தில் கிளம்பும் விரைவுப் படகு, விரிகுடாவைக் குறுக்கே கடந்து, ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கையின் விரல் நுனியான ப்ராவின்ஸ்டவுனில் ஆளை இறக்கிவிடும். சாலை வழியே சுமார் 185 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் என்பதைப் பாலம்தான் முடிவுசெய்யும்.

ஊரும் பார்க்கவேண்டும், கடலிலும் கால் நனைக்கவேண்டும் என்று அமெரிக்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது வரைபடத்தில். நியூயார்க்கில் சுதந்திர தேவி, லாஸ் ஏஞ்சலிஸில் கடற்கரை என்று ஒரே காகிதத்தில் எழுதிவிடுகிறார்கள். நடுவில் சாலை வழியாக 4,500 கிலோமீட்டர் இருக்கிறது. கடிகாரத்தையே மூன்று மணி நேரம் திருப்பிவைக்க வேண்டும். பத்து நாள் விடுமுறையில் இரண்டு நாள் விமான நிலையத்துக்கே போய்விடும். ஒரு நகரம், அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு கரை, அவ்வளவு போதும். சான் பிரான்சிஸ்கோவும் பாயிண்ட் ரேயஸும் அழகான ஜோடிதான், ஆனால் கார் இல்லாமல் கஷ்டம். சிகாகோவில் ரயிலேறி இண்டியானா மணல்மேடுகளுக்குப் போவதை அடுத்த வாரம் பார்க்கலாம். கார் ஓட்டாதவர்களுக்கு பாஸ்டனை மிஞ்சிய ஊர் இல்லை.

பாஸ்டனுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். 'ஃப்ரீடம் டிரெயில்' என்ற நடைபாதை 4 கிலோமீட்டர். தரையில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் 16 இடங்கள். வழிகாட்டி வேண்டாம், வழி தவறவும் முடியாது. தொடக்கம் 1634இல் அமைந்த பாஸ்டன் காமன் பூங்கா. வழியில் ஓல்டு நார்த் தேவாலயம். 1775 ஏப்ரல் 18 இரவு அதன் கோபுரத்தில் இரண்டு விளக்குகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஆங்கிலேயப் படை தண்ணீர் வழியாகக் கிளம்புகிறது என்று அதற்கு அர்த்தம். முடிவில் பங்கர் ஹில் நினைவுத் தூண்: 294 படிகள், லிஃப்ட் கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் மூட்டுவலிக்காரப் பெற்றோர் கீழே புல்தரையில் உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

1897இல் அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் ஓடியதும் இந்த ஊரில்தான். இன்றைய சிவப்புத் தட ரயில் ஹார்வர்டு வாசலில் கொண்டுபோய் விடும். உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டி அமைத்த தமிழ் இருக்கை அங்கே இருக்கிறது. இருக்கை என்றதும் நாற்காலியைத் தேடவேண்டாம். அது ஒரு பேராசிரியர் பதவி.

மூன்றாம் நாள் படகு. ப்ராவின்ஸ்டவுனை நெருங்கும்போதே 252 அடிக் கல்கோபுரம் கண்ணில் படும். 1620 நவம்பரில் மேஃப்ளவர் கப்பல் முதலில் நங்கூரம் போட்டது இங்கே; பிளிமத் அதற்குப் பிறகுதான். ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனது பிளிமத். 1910இல் கட்டி முடித்த இந்தக் கோபுரம், 'நாங்கள்தான் முதலில்' என்று நின்றுகொண்டு சொல்கிறது.

ஊரைத் தாண்டினால் மணல், மணல், மணல். கேப் காட் வெளிக்கரையில் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு மாளிகைகளும் விடுதிகளும் வரிசைகட்டாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு கையெழுத்து. பக்கத்து ஹயானிஸ் போர்ட்டில் குடும்ப வீடு வைத்திருந்த அதிபர் கென்னடி, 1961இல் அதைத் தேசியக் கடற்கரையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் கடல் சட்டத்தைப் படிப்பதில்லை, கரையை ஆண்டுதோறும் அரிக்கிறது. 1857இல் கட்டிய ஹைலண்ட் கலங்கரை விளக்கம் குன்றின் விளிம்புக்கே வந்துவிட்டதால், 1996இல் அதை இடிக்காமல் முழுசாக 450 அடி உள்ளே நகர்த்தினார்கள். போய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம். அலையிடம் தப்பித்த விளக்கறையின் கண்ணாடியைப் பந்து ஒன்று உடைத்துவிட்டது!

குளிக்க எந்தப் பக்கம் என்று கேட்டால், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு விரிகுடாப் பக்கம்தான். ப்ரூஸ்டரில் நீர் வற்றும் நேரம் கடல் ஒன்றரை கிலோமீட்டர் பின்வாங்கிவிடும். நண்டும் சிப்பியும் தேடி நடக்கலாம். அட்லாண்டிக் பக்கம் அலை பெரிது, தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சுறாவும் உண்டு. 1972இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தால் கடல்நாய்கள் பெருகின. அவற்றைத் தின்னப் பெருவெள்ளைச் சுறாக்கள் வந்தன. 2018 செப்டம்பரில் வெல்ஃப்லீட்டில் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு, சுறா உருவம் போட்ட ஊதாக் கொடியைக் கடற்கரைகளில் கண்டவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்க யோசிக்கிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அறை வாடகை கண்ணைக் கட்டும். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் கூட்டம் வடிந்து, வாடகை இறங்கும். தண்ணீரில் கோடைச் சூடு மிச்சமிருக்கும், படகும் அக்டோபர் நடுவரை ஓடும். சுறாக்கள் அதிகம் தென்படுவதும் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான்.