மலைக்கிழங்கும் பூண்டு பட்டரும்

பண்டாரவளைச் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது தோலில் ஒட்டியிருக்கும் மண்ணைத்தான். வெலிமடை, பொரலந்தை, கெப்பெட்டிப்பொல பக்கத்துக் கிழங்குக்கு அப்படியொரு பெயர். அந்தப் பெயரைக் காசாக்க, இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்றவர்கள் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. உழைத்தவன் வயிற்றில் அடிக்கும் வேலை இது.

இலங்கையில் கிழங்கு அதிகம் விளைவது நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான். ஊவாவில் பெரும்போக நெல்லை அறுத்த வயலிலேயே சிறுபோகத்தில் கிழங்கு நடுகிறார்கள். 1960களின் பிற்பகுதியில் இறக்குமதிக்குத் தடை வந்தபோது இந்தப் பயிர் செழித்தது. 1996இல் தடை நீங்கியதும் ஆட்டம் கண்டது. அறுவடை நேரத்தில் இறக்குமதி வரி கூடுமா குறையுமா என்பதே இன்றுவரை கமக்காரரின் கவலை.

இங்கே பெரிதும் பயிராவது ஜெர்மனியிலிருந்து வந்த ‘கிரனோலா’ ரகம். கறிக்கு அருமையானது, எளிதில் குழையாது. ஆனால் மாச்சத்துக் குறைவு, நீர் அதிகம். எண்ணெயில் பொரித்தால் சிவந்துவிடும், ஆறியதும் தொய்ந்துவிடும். கடைகளில் உறைந்த நிலையில் வரும் வெளிநாட்டு ஃபிரைஸுக்கு வேறு ரகங்கள். நம் கிழங்குக்கு ஏற்றது போறணைதான். உலர்ந்த சூடு நீரை மெல்ல வெளியேற்றிவிடும்.

அரைக் கிலோ கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கிக் கழுவுங்கள். உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் சேர்த்த நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். புளிப்பு இருந்தால் துண்டுகள் உடையாது. வடித்து, ஆவி அடங்கும்வரை துணியில் பரப்பி வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மொறுமொறுப்பே வராது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி, 220 பாகை செல்சியஸில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும்.

பட்டரைத் தொடக்கத்திலேயே ஊற்றுகிறவர்கள் பலர். அது தவறு. பட்டரில் உள்ள பாலின் திடப்பொருள் ஏறத்தாழ 150 பாகையிலேயே கருகத் தொடங்கி, கசப்பை விட்டுவிடும். ஆகவே அதைத் தனியாகத் தயாரித்து வையுங்கள். இளகிய பட்டர் 50 கிராம், நசுக்கிய பூண்டு மூன்று பல், அரைத் தேக்கரண்டி கட்டைத்தூள், ஒரு தேக்கரண்டி மாசித்தூள், பொடியாக அரிந்த கறிவேப்பிலை, சில சொட்டுத் தேசிக்காய்ப் புளி. எல்லாவற்றையும் பிசைந்தால் போதும். உப்புப் பட்டரென்றால் மேலும் உப்பு வேண்டாம். மரக்கறிக்காரர் மாசியை விட்டு மிளகுத்தூள் சேர்க்கலாம். போறணையிலிருந்து எடுத்த சூட்டிலேயே கிழங்கைக் கிண்ணத்தில் கொட்டி, இந்தப் பட்டரைப் போட்டுக் குலுக்குங்கள். பூண்டின் பச்சை வாடை அந்தச் சூட்டில் அடங்கும். மாசியின் மணம் எழும்பும். என்னைக் கேட்டால், தக்காளி சோஸ் இதற்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

வாங்கிய கிழங்கைக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாச்சத்து சர்க்கரையாக மாறுவதால், உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான மூலையில் சாக்கிலேயே கிடக்கட்டும். வெலிமடைப் பக்கம் போகும்போது வீதியோரம் கமக்காரரே குவித்து விற்பதைக் கண்டால், பேரம் பேசாமல் அவரிடமே வாங்குங்கள்.