இருபது டம்ளர் தேநீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் விட்டு ஆட்கள் வீடு சேர இரவு பத்தரை ஆகிவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் அன்பியக் கூட்டம் என்றால் பெரும்பாலும் பெண்கள் கூட்டம்தான். பாய் விரித்து, ஸ்டூல் மேல் விவிலியமும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசிப்பார். மனதில் தைத்த சொல்லை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் மௌனம். அந்தச் சொல் தன் பிழைப்பில் எங்கே வந்து படுகிறது என்று பிறகு பேசுவார்கள். தெருவுக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுத்து, ஜெபத்தோடு கலைவார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை இது. சாமியார் இல்லாமலே நடத்தலாம்.

வேர் இன்னும் பழையது. லத்தீன் அமெரிக்காவின் ஏழை மக்கள் இப்படிக் கூடிப் பேசியதை 1968இல் மெதெயின் ஆயர் மாநாடு ஆதரித்தது. 1990இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள் இதைத் தங்கள் வழியாக ஏற்றார்கள். தமிழ்நாட்டில் இதற்கு அன்பியம் என்று பெயர். நல்ல பெயர்.

பெயருக்கேற்ற அன்பு இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித்துகள். ஆனாலும் தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டோம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்ட போராட்டம் மோதலாகி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

அன்பியத்தைத் தெருவாரியாகப் பிரிப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாக இருக்கிற மண்ணில் தெருவைப் பிரித்தால் சாதியும் பிரிந்துவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கொஞ்சம் பரவாயில்லை. பல மாவட்டத்தார் கலந்து கிடக்கிறார்கள். அங்கேயும் "உங்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற விசாரணை நடக்காமல் இல்லை.

நாம் போன இடத்தில் குடும்பங்கள் குறைவு என்று இரண்டு தெருவையும் ஒரே அன்பியமாக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூட்டம். காலனி அக்கா ஒருவர் தன் முறைக்குப் பக்கத்து வீடுகளில் கேட்டு இருபது டம்ளர் சேர்த்து வைத்திருந்தார். வந்தது எட்டுப் பேர். ஊர்ப் பக்கத்தில் ஒருவருக்குத் தலைவலி, ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி. அன்றைய வாசகம் யோவான் 4ஆம் அதிகாரம்: யூதரான இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு பாத்திரம் கூடக் கலக்காத காலம். எந்தச் சொல் தைத்தது என்று கேட்டபோது அந்த அக்கா சொன்னார்: "குடிக்கக் கொடுன்னு அவரே கேட்டாரு பாருங்க, அதுதான்." ஊர்த்தெருவிலிருந்து வந்திருந்த ஒரே அம்மா தலை நிமிரவில்லை. ஆனால் தேநீரைக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்.

அன்று பேச்சு சான்றிதழுக்கும் போனது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே. இதை ஆராய 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. இங்கே மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் இல்லை. கல்லூரி மாணவி ஒருத்தி, "அப்ப ஸ்காலர்ஷிப்பும் கிடையாதா?" என்றாள். உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் மாநில உதவித்தொகைத் திட்டங்களில் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் இடம் இருக்கிறது. சான்றிதழைக் காட்டிக் கேட்டுப் பெற வேண்டும். இந்த ஒரு தகவலுக்காகவே அந்தக் கூட்டம் நடந்ததாக நமக்குத் தோன்றியது.

கிளம்பும்போது அடுத்த முறை யார் வீடு என்று விசாரித்தோம். ஊர்த்தெரு மாடி வீடு என்றார்கள். காலனிப் பெண்கள் பதினோரு பேரும் போவதாக இருக்கிறார்கள்.