இசையில் ஆய்வுப் பட்டம்



வாய்ப்பாட்டு, வீணை, வயலின் என்று பல ஆண்டுகள் பயின்று அரங்கேற்றமும் கண்ட இளைஞர்கள் சிலர், "இசையில் முனைவர் பட்டம் பெற இன்னும் எத்தனை கீர்த்தனைகள் பாடம் செய்யவேண்டும்?" என்று கேட்பதுண்டு. அவர்களுடைய ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும், ஆய்வுப் பட்டத்தைப் பாடும் திறனுக்குரிய பரிசாக எண்ணுவது பொருந்தாது. இதுவரை சரிவர விடை காணப்படாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, சான்றுகளோடு விடை காண்பவருக்கே அது வழங்கப்படுகிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம்.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு பகுதி உண்டு. அங்கே மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு இடுகிறாள். பெயர்கள் நமக்குத் தெரியும். ஆனால், குரல் என்பது இன்று நாம் பாடும் எந்தச் சுரம்? சட்சமமா, மத்திமமா? அறிஞர்கள் இதுபற்றி மாறுபட்ட கருத்துகள் கொண்டிருந்தனர். இதற்குக் கூறும் விடையைப் பொறுத்தே பழைய பாலைகளுக்கு நிகரான இன்றைய இராகங்களைக் காட்ட இயலும்.

அறிவியல் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய விபுலாநந்த அடிகள், கணிதத்தைத் துணைகொண்டு பழந்தமிழ் இசையை ஆராய்ந்து, 1947-இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். பின்னர், பாடகரும் வீணைக் கலைஞருமான எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் பிறந்தது 1917-இல். அரை நூற்றாண்டு வாழ்வைக் கடந்த பின்னரும் மாணவராக அமர்ந்து ஆய்வு செய்தார் என்பது நம் கருத்தில் நிற்கவேண்டிய செய்தி.

குரலைச் சட்சமமாகக் கொண்டால், செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதி ஆகிறது. பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு இது. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அரிகாம்போதியின் சுரக்கட்டைகளை மாற்றாமல், இரண்டாம் சுரத்தை ஆதார சட்சமமாக வைத்து வாசித்தால் நடபைரவி பிறக்கும். நான்காம் சுரத்தில் சங்கராபரணமும், ஐந்தாவதில் கரகரப்பிரியாவும், ஆறாவதில் தோடியும், ஏழாவதில் கல்யாணியும் தோன்றும். மூன்றாம் சுரத்தில் தொடங்கினாலோ பஞ்சமம் கிடைக்காது. இரண்டு மத்திமங்கள் வந்து நிற்கும். வட்டமாக நிற்கும் பெண்களில் ஒவ்வொருவரையும் முறையே முதல்வராகக் கொள்வது போன்றது இது.

இத்தகைய ஆய்வுக்கு மூலநூலையும் அடியார்க்கு நல்லார் உரையையும் நுணுகிப் படிக்கும் தமிழறிவு வேண்டும். சுர இடைவெளிகளை அளந்தறியும் கணக்கு வேண்டும். கண்ட முடிவைப் பாடிச் சரிபார்க்கும் செவியும் வேண்டும். ஆகவே, இளமையில் செய்த சாதகம் வீணாவதில்லை. ஆய்வில் அதுவே ஒரு கருவியாகிறது.

சான்றுகள் பழைய ஏட்டில் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய டான் சூயி பெங், பங்சவான் நாடகத்தின் வரலாற்றையும் இசையையும் ஆராய்ந்து 1993-இல் நூலாக வெளியிட்டார். ஒரு காலத்தில் பொழுதுபோக்காக மட்டுமே கருதப்பட்ட கலை, அறிவுலகம் மதிக்கும் ஆய்வுப் பொருளாயிற்று.

எனவே, ஆய்வு செய்ய விரும்புவோர் முதலில் தேடவேண்டியது நல்லதொரு வினாவையே. 'மலேசியத் தமிழர் இசை' என்பது ஒரு கடல். மூன்று நான்கு ஆண்டுகளில் அதை நீந்திக் கரையேற முடியாது. 'ஒரு நகரிலுள்ள உருமி மேளக் குழுக்களின் இளைஞர்கள், எழுதிய பாடம் ஏதுமின்றித் தாளங்களை எவ்வாறு கற்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் செல்லவேண்டும், எதை ஒலிப்பதிவு செய்யவேண்டும், எதை எதனோடு ஒப்பிடவேண்டும் என்பதெல்லாம் அந்த வினாவிலிருந்தே தெளிவாகும்.

இசையமைப்பில் பட்டம் நாடுவோரின் வழி சற்று வேறு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாணவர் தாம் இயற்றிய படைப்புகளின் இசைக்குறிப்புகளை ஒப்படைத்து, அவற்றை விளக்கும் கட்டுரையையும் எழுதுகிறார். இனிமையாக இருப்பது மட்டும் போதாது. அப்படைப்பில் புதியது என்ன, அது எவ்வாறு உருவாயிற்று என்பதையும் தேர்வாளர்கள் வினவுவர்.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைவிட நெறியாளர் யார் என்பதை முதலில் கவனியுங்கள். உங்கள் வினாவை அறிந்த ஒருவர் அங்கே இல்லையெனில், புகழ்பெற்ற நிலையமாயினும் பயன் குறைவே. விண்ணப்பிக்குமுன் இரண்டு பக்கங்களில் உங்கள் வினாவை எழுதிப் பாருங்கள். இசை அறியாத நண்பர் ஒருவர் அதைப் படித்து, "இதற்கு விடை என்ன?" என்று ஆவலோடு கேட்பாராயின், தாராளமாகத் தொடங்கலாம்.

நம் கோயில்களிலும் தோட்டங்களிலும் ஒலித்த பாடல்களை அறிந்த முதியவர்கள் இன்றும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்கவேண்டியவற்றைக் காலந்தாழ்த்தாமல் கேட்பது ஆய்வாளரின் முதற்கடமை. பட்டம் அதன் பின்னர் வரட்டும்.