முதுமையிலும் மங்காத மனவிளக்கு

வீட்டில் பாட்டி ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். முதுமை வந்தால் அறிவு மங்கியே தீர வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்க நாட்டு அருட்சகோதரியர் 678 பேர் உதவியிருக்கிறார்கள்.

1986-ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்னும் ஆராய்ச்சியாளர், மின்னசோட்டா மாநிலத்தில் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையினரிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். பங்கு பெற்ற அனைவரும் 75 வயது நிறைந்தவர்கள், பெரும்பாலோர் ஆசிரியைகள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தங்கள் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க இசைந்தார்கள். மறைந்த பின்னும் பாடம் கற்பித்தவர்கள் இவர்கள்!

கன்னியரை ஏன் தேர்ந்தெடுத்தார்? அவர்களுடைய உணவும் உறைவிடமும் மருத்துவ வசதியும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ஒருவர் தெளிவாகவும் மற்றொருவர் மறதியோடும் இருந்தால், அதன் காரணத்தைத் தேடுவது எளிது.

ஒரு சகோதரி 101 வயது வரை தெளிந்த அறிவோடு வாழ்ந்து மறைந்தார். ஆனால் அவரது மூளையிலோ, அல்சைமர் என்னும் மறதி நோய்க்குரிய புரதப் படிவுகள் ஏராளமாக இருந்தன! கல்வியாலும் இடைவிடாத மனப்பயிற்சியாலும் மூளையில் ஒருவகைச் சேமிப்பு உண்டாகிறது. ஓரளவு சேதத்தை அது ஈடுசெய்கிறது என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

இச்சகோதரியர் இளமையில், ஏறத்தாழ 22 வயதில், தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதியிருந்தனர். கருத்துச் செறிவோடு எழுதியவர்களுக்கு முதுமையில் மறதி நோய் குறைவாகவே காணப்பட்டது. மகிழ்ச்சியும் நன்றியுணர்வும் ததும்ப எழுதியவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள். இவை தொடர்புகளே, இதனால்தான் அது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே நோயுற்றவரைக் குறை கூறுவது பெரும் தவறு.

2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக் குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைத் தொகுத்தது. அவற்றைக் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு கல்விக் குறைவு, மனச்சோர்வு, செவிக்குறை, தனிமை ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. காது மந்தமானவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவர் தனிமையில் சோர்கிறார். சோர்ந்த மனத்துக்குப் பயிற்சி இல்லாமற் போகிறது. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் கவனித்தீர்களா?

தோழியரே, நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையென்றால் சிரிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்வோம். மறதி மிகுந்தாலும் அவ்வாறே செய்வோம். மனச்சோர்வும் மறதி போலத் தோன்றக்கூடும், அதற்குச் சிகிச்சை உண்டு. பாட்டியிடம் கோலமோ ஊறுகாய்ப் பக்குவமோ கற்றுக்கொள்வோம். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்னும் சொல்லை மட்டும் வீட்டை விட்டே விரட்டுவோம்.

பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பு நம் பாட்டிமார் பலருக்குக் கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. இன்று நாம் படிக்கும் ஒவ்வொரு பக்கமும் தேர்வுக்கு மட்டுமன்று, எண்பதாம் வயதுக்கும் சேர்த்து வைக்கும் செல்வமாகும்.