வீட்டுக்குள் வைத்த செடிக்கு என்ன வருத்தம்?

1996ஆம் ஆண்டின் பிற்பகுதி. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மல்லாவிப் பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்த காலம். மாரி மழை தொடங்கிவிட்டது. அங்கே ஒரு கொட்டிலுக்குள் 14 பால்மாத் தகரங்களில் தக்காளிச் செடிகள் நின்றன. ஊரில் தோட்டம் செய்து வாழ்ந்த குடும்பம் அது. புறப்படும்போது சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதையில் முளைத்த செடிகள் அவை. அடுத்த போகத்துக்கான விதையையும் அவற்றிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

அந்தச் செடிகளில் ஏதோ கோளாறு. இலைக் காம்புகள் குடையை மடக்கியதுபோலக் கீழ்நோக்கி வளைந்து தொங்கின. அடியிலைகள் மஞ்சளாகி விழுந்தன. பூமொட்டுகள் காம்போடு உதிர்ந்தன.

"தண்ணி குறையேல்லைத் தம்பி, மண் ஈரமாத்தான் கிடக்குது. பூச்சி ஒண்டையும் காணேல்லை. மருந்து அடிச்சால் சரிவரும் எண்டு சொல்லுகினம்" என்றார் அந்தத் தாய்.

பொருளாதாரத் தடை இருந்த நாட்கள் அவை. தெரிந்த ஒருவரிடம் பாதிப் போத்தல் பூச்சிநாசினி இருந்தது. அதை வாங்கத் தன் தோட்டை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். மருந்து அடிக்க இருந்த இடமோ, இரவில் மூன்று பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் இடம்.

அந்தச் செடிகளுக்கு வந்தது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறோம். சொந்தக் காணி இல்லாமல் அறையிலும் விறாந்தையிலும் தறப்பாளின் கீழும் செடி வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்கள் அறிந்திருக்கவேண்டியது ஒன்றுதான்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன் மருந்தைத் தேடக்கூடாது. வீட்டுக்குள் வளரும் செடிகளின் வருத்தங்களிற் பல நோயுமல்ல, பூச்சியுமல்ல.

முதலில் கேட்கவேண்டியவை

பரியாரியார் நாடி பிடிக்கும் முன் நாலு கேள்வி கேட்பார். செடிக்கும் அப்படியே.

1. எல்லாச் செடிகளுக்குமா, ஒன்றிரண்டுக்கு மட்டுமா? பல இனச் செடிகள் ஒரே நாளில் வாடினால் தண்ணீர், வெளிச்சம், மண், காற்று ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரு செடியில் தொடங்கி அடுத்ததற்குப் பரவினால் பூச்சி அல்லது நோய்.

2. பழைய இலையிலா, புதிய இலையிலா தொடங்கியது?

3. இலையின் ஓரத்திலா, நரம்புகளுக்கு இடையிலா, இலை முழுவதிலுமா?

4. வேர் எப்படி இருக்கிறது? ஒரு செடியை மண்ணோடு கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாகி நாறும்.

5. இந்த வருத்தம் தொடங்கிய நாட்களில் வீட்டில் எதை மாற்றினீர்கள்? பெரும்பாலும் விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கும்.

தண்ணீரும் உப்பும்

வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவது எமது பழக்கம். ஆனால் தண்ணீர் கூடினாலும் செடி வாடும். மண்ணில் நீர் நிறைந்து நின்றால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். தகரத்தின் அடியில் ஆணியால் நாலைந்து துளைகள் இட்டு, இரண்டு கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோலக் கபில நிறமாகி, மண்ணின் மேலோ தகர விளிம்பிலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. உவர்க் கிணற்று நீராலும், பசளை கூடியதாலும் இது வரும். தோட்டத்தில் மாரி மழை உப்பைக் கழுவிவிடும். கூரையின் கீழுள்ள தகரத்துக்கு அந்த மழை கிடையாது. தகரம் கொள்ளும் அளவைப்போல இரு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடியால் வடியவிடுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பது இதற்கு உதவும்.

வெளிச்சம்

தண்டு மெலிந்து நீண்டு, கணுக்களுக்கு இடையில் தூரம் கூடி, யன்னல் பக்கம் சாய்ந்தால் அது வெளிச்சத்துக்கு ஏங்குகிறது. பசளை போட்டால் இன்னும் மெலிந்து நீளும். வெளியே எடுக்கவேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல. நிழலில் வளர்ந்த இலையைத் திடீரென உச்சி வெயிலில் வைத்தால் வெள்ளைக் கடதாசி போன்ற திட்டுகள் விழும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, 7 முதல் 10 நாட்களிற் பழக்குங்கள்.

மஞ்சள் நிறம் சொல்லும் செய்தி

கீழேயுள்ள பழைய இலைகள் முழுவதும் வெளிறி மஞ்சளானால் பெரும்பாலும் நைதரசன் குறைவு. மக்கிய மாட்டெருவோ, கிளிசரியா இலையை நீரில் ஊறவைத்து, வடித்து, நன்றாக நீர் கலந்து எடுத்த கரைசலோ போதும்.

நுனியிலுள்ள புதிய இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலும் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுக்கமுடியாது. இப்படிப்பட்ட செடிக்கு அடுப்புச் சாம்பல் போடவேண்டாம். சாம்பலும் காரத்தன்மை உடையது, நிலைமையை மோசமாக்கும். மழைநீரும் மக்கிய கூட்டெருவுமே உதவும்.

பழைய இலைகளில் நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சள் தெரிந்தால் மகனீசியக் குறைவாக இருக்கலாம்.

பூச்சியும் நோயும்

இலையின் மேற்புறத்தைப் பார்த்தால் போதாது, திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கடதாசியின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அவை பூச்சிகள். மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இலை பிசுபிசுத்து எறும்பும் ஏறினால் அழுக்கணவனைத் தேடுங்கள்.

முதலில் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். அடுத்து வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். முதல் நாள் ஒரு செடியில் மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது.

நாற்றுகள் மண் மட்டத்தில் நூல்போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். பங்கசு வகைகளால் வருவது. நெருக்கமான விதைப்பும், காயாத மண்ணும், காற்றோட்டம் இல்லாமையுமே அதற்கு இடம் கொடுக்கின்றன. விழுந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றுங்கள். அடுத்த முறை மண்ணில் கொதிநீர் ஊற்றி, ஆறி வடிந்தபின் ஐதாக விதையுங்கள். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து செடி குறுகினால் அது வைரசு. அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்தால் மற்றவை தப்பும்.

தக்காளிக்கு வந்தது என்ன?

மல்லாவிக் கொட்டிலிலும் இந்தக் கேள்விகளையே வரிசையாகக் கேட்டோம். வருத்தம் 14 செடிகளுக்கும் ஒரே கிழமையில் வந்தது; எனவே பரவும் நோயல்ல. இலையின் அடியில் பூச்சி இல்லை. தண்ணீர் தேங்கினாலும் தக்காளி இலை இப்படித் தொங்கும். ஆனால் தகரங்களில் துளை இருந்தது, வேரும் வெண்மையாக இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் விடை வந்தது. "மழை எண்டபடியால் அடுப்பை உள்ளுக்கை வைச்சனாங்கள். விறகும் ஈரம், ஒரே புகை."

வாழைக்குலைக்குப் புகை போட்டுப் பழுக்கவைப்பதை நாமெல்லோரும் அறிவோம். விறகு சரியாக எரியாமற் புகையும்போது எதிலீன் என்னும் வாயுவும் வெளிவருகிறது. காயைப் பழுக்கவைப்பது அந்த வாயுவே. அதுவே இலையையும் மொட்டையும் உதிரச் செய்யும். தக்காளிச் செடி அதற்கு மிக விரைவிற் பாதிக்கப்படும்.

ஊகம் சரிதானா என்று பார்க்க, இரண்டு தகரங்களை மட்டும் வெளித் தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில் வைத்தோம். தண்ணீரையோ எருவையோ மாற்றவில்லை. ஒரு கிழமையில் அந்த இரண்டிலும் புதிய இலைகள் நேராக வந்தன. மற்றவற்றையும் வெளியே எடுத்தார்கள். இரண்டு செடிகள் தப்பவில்லை. மீதி 12 செடிகளும் காய்த்தன, விதையும் கிடைத்தது. தோடும் காதிலேயே இருந்தது.

போத்தலைத் திறக்கும் முன்

பூச்சிநாசினி அடித்திருந்தால் புகை நின்றிருக்காது. பிள்ளைகள்தான் நஞ்சைச் சுவாசித்திருப்பார்கள். படுக்கும், சமைக்கும் இடத்தில் பூச்சிநாசினி அடிக்கவேண்டாம். அங்கே வைக்கவும் வேண்டாம். பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் ஆகியவை 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் திறக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைத்து, விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் நோயுற்ற செடியை வேரோடும் மண்ணோடும் பையில் இட்டு அவரிடமே காட்டுங்கள். அதற்கு முன் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒன்றிரண்டு செடிகளில் மட்டும் மாற்றிவிட்டு, ஒரு கிழமை பொறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது.

காணி கைவிட்டுப் போயிருக்கலாம். பயிரின் முகம் பார்த்து அதன் வருத்தம் அறியும் அறிவு உங்களிடமே இருக்கிறது. தகரத்தில் நிற்கும் செடிக்கும் அது போதும்.